மிரளும் குதிரைக்கு ஏற்ற வண்டி

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் குதிரையின் உயரத்தை ‘ஹேண்ட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். தரையிலிருந்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேடு வரை அளப்பது வழக்கம். தலை கணக்கில் சேராது. 17 ஹேண்ட் குதிரை என்றால் தோள்மேடே 173 சென்டிமீட்டர். தலையை நிமிர்த்தினால் அதற்கு மேலும் ஏறத்தாழ இரண்டடி போகும். தாவல் போட்டிகளுக்கு வளர்க்கப்படும் ஹனோவேரியன் போன்ற ஜெர்மானிய இனங்களில் இந்த உயரம் சாதாரணம். எடை 600 முதல் 700 கிலோ வரை இருக்கும். இங்கிலாந்தின் ஷயர் இனம் ஒரு டன்னைத் தொடும். குதிரையை ஏற்றிச் செல்ல விற்பனைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இவ்வளவு பெரிய உடலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. அதோடு அந்தக் குதிரை மிரளும் சுபாவமும் உள்ளது என்றால், வண்டியைத் தேர்ந்தெடுப்பது விலைப் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்யும் காரியமாக இருக்க முடியாது.

குதிரை ஓடிப் பிழைக்கும் பிராணி. ஆபத்து என்று பட்டால் முதலில் ஓடும். என்ன ஆபத்து என்று திரும்பிப் பார்ப்பது பிறகுதான். வண்டிக்குள் அந்த ஓட்டத்துக்கு வழியில்லை. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றுமுற்றும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் போகும்போது அதன் கண் பழக மனிதக் கண்ணைவிட அதிக நேரம் எடுக்கும். வெயிலில் நிற்கும் குதிரைக்கு டிரெய்லரின் உள்புறம் ஆழம் தெரியாத பொந்தாகத்தான் தெரியும். ஏறுவதற்கான சாய்பலகையில் முன்னங்குளம்பை வைத்ததும் அடியிலுள்ள வெற்றிடம் அதிரும் சத்தம் வேறு. அங்கே நின்றுவிடும் குதிரையைச் சண்டி என்று சொல்லிச் சவுக்கை எடுப்பவர்கள் உண்டு. அது சண்டித்தனமல்ல, எச்சரிக்கை.

ஏற மறுப்பதைவிடப் பெரிய சிக்கல், ஏறிய பிறகு வருவது. நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் இறங்குகிறது. பிரேக் போடும்போது உடல் முன்னே சாய, அந்தக் கால்கள் இன்னும் அதிகமாகத் தாங்க வேண்டும். வளைவில் பக்கவாட்டாகத் தள்ளும். பிடித்துக்கொள்ளக் கை இல்லாத பிராணிக்கு உள்ள ஒரே வழி, கால்களை அகட்டி ஊன்றுவதுதான். அகட்ட இடமில்லையென்றால் குளம்பு வழுக்கும், உடல் தடுப்பின்மேல் சாயும், கால்கள் எதிர்ச்சுவரை உதைத்து ஏறப் பார்க்கும். சில நொடிகளில் இது பெரும் அமளியாகிவிடும். ஒரு முறை இப்படித் தடுமாறிய குதிரை அடுத்த முறை அதே வளைவு வருமுன்பே நடுங்கத் தொடங்கும். ‘பயணத்துக்கு ஆகாத குதிரை’ என்று பெயர் வாங்கியவற்றில் பல, பிறவியிலேயே அப்படி இருந்தவை அல்ல. ஒடுக்கமான வண்டியும் அவசரக்கார ஓட்டுநரும் சேர்ந்து அப்படி ஆக்கியவை.

எனவே முதலில் பார்க்க வேண்டியது அகலம். இரண்டு குதிரை டிரெய்லரில் நடுவே ஒரு தடுப்பு இருக்கும். அது தரைவரை இறங்கும் முழுத் தடுப்பாக இருந்தால், ஒவ்வொரு குதிரைக்கும் கால் ஊன்றக் கிடைப்பது மூன்றடிக்கும் குறைவான இடம். பெரிய குதிரைக்கு இது போதவே போதாது. மேற்பாதி மட்டும் உள்ள தடுப்பு, அல்லது கீழே தொங்கும் ரப்பர்த் திரை, காலை அகட்ட இடம் கொடுக்கும். ஒற்றைக் குதிரையை மட்டும் கொண்டுபோவதாக இருந்தால் தடுப்பையே கழற்றிவிடுவது பலருக்குப் பலன் தந்த வழி. ஆனால் தடுப்பு போனால், குதிரையை முன்னும் பின்னும் தடுக்க அதில் மாட்டியிருந்த மார்புக் கம்பியும் பின்கம்பியும் போய்விடும். வண்டியின் முழு அகலத்துக்கும் வரும் கம்பிகளைத் தனியாக வாங்கிப் பொருத்திய பிறகே குதிரையை ஏற்ற வேண்டும். தடுப்பை வைத்துக்கொண்டு ஒற்றைக் குதிரையைக் கொண்டுபோனால், இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில் அதை வலப்பக்கம் நிறுத்துவார்கள். சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருப்பதால், எடை சாலையின் நடுப்பக்கம் இருந்தால்தான் டிரெய்லர் ஓரத்தை நோக்கி இழுக்காது.

பழைய டிரெய்லரை வாங்கப் போகிறவர் உள்ளே குனிந்து பக்கச் சுவரின் அடிப்பகுதியைப் பார்த்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாம். ரப்பர் உறையில் குளம்பின் பிறை வடிவத் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, முழங்கால் உயரத்துக்குக் கிழித்துக்கொண்டு போயிருந்தால், அதில் பயணம் செய்த ஏதோ ஒரு குதிரை சுவரில் ஏறப் பார்த்திருக்கிறது. அந்தத் தழும்புகள் ஒரே பக்கமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இடநெருக்கடிதான். புது வர்ணம் பூசிய உள்சுவரைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதும் தவறில்லை.

உயரமும் நீளமும் அடுத்தவை. அமெரிக்காவில் சாதாரண டிரெய்லரின் உள்உயரம் சுமார் 7 அடி. பெரிய குதிரைகளுக்கென்று தனியாகச் செய்பவை ஏழரை அடியும் அதற்கு மேலும் இருக்கும். தலை கூரையில் இடித்தால் குதிரை பின்வாங்கும், பின்வாங்கினால் கயிறு இறுகும், இறுகினால் இன்னும் மிரளும். அமெரிக்காவில் பரவலாக உள்ள சாய்நிலை டிரெய்லர்களில் குதிரைகளை மூலைவாட்டத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். சிறிய, நடுத்தரக் குதிரைகளுக்கு அது வசதி. ஆனால் அந்த அறையின் நீளம் வண்டியின் அகலத்தைப் பொறுத்தது. வண்டியின் அகலத்துக்கோ சாலைச் சட்டம் வரம்பு கட்டுகிறது. ஆகவே பெரிய குதிரை அதில் மூக்கு ஒரு சுவரிலும் பின்புறம் மறு சுவரிலும் படும்படி நிற்க நேரிடும். விற்பவர் எவ்வளவு புகழ்ந்தாலும், குதிரையை உள்ளே நிறுத்திப் பார்க்காமல் இவ்வகையை வாங்கக் கூடாது.

எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பது குதிரைக்காரர்களிடையே ஓயாத வாதம். வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி நின்றால் பிரேக்கின் உந்துதலைச் சதைப்பிடிப்பான பின்புறம் தாங்கிக்கொள்கிறது. தலையும் கழுத்தும் தப்பிக்கின்றன. 1990களில் செய்யப்பட்ட சில ஆய்வுகளில், பின்னோக்கி நின்ற குதிரைகளின் இதயத் துடிப்பு குறைவாக இருந்தது, அவை அமைதியாகவும் இருந்தன. வேறு சில ஆய்வுகளில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கட்டாமல் விட்டால் தானாகவே பின்னோக்கித் திரும்பி நிற்கும் குதிரைகளும் உண்டு, எப்போதும் ஒரே கோணத்தைத் தேடும் குதிரைகளும் உண்டு. ஒன்று மட்டும் உறுதி: முன்னோக்கி நிற்பதற்கென்று கட்டிய டிரெய்லரில் குதிரையைத் திருப்பி நிறுத்தக் கூடாது. எடை அச்சுக்குப் பின்னால் போய்விடும், இழுக்கும் வண்டியின் கொக்கியில் பாரம் குறையும், வேகத்தில் டிரெய்லர் பாம்பாக நெளியத் தொடங்கும்.

இனி வண்டியின் வகை. பிரிட்டனில் மூன்று உண்டு: காரால் இழுக்கும் டிரெய்லர், 3.5 டன் வேன், 7.5 டன் லாரி. டிரெய்லர் மலிவு, 2021 டிசம்பரில் விதி தளர்ந்ததிலிருந்து சாதாரணக் கார் உரிமம் உள்ளவர்கள் தனித் தேர்வு எழுதாமலே 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். பெரிய குதிரைக்கு அதன் குறை, இலேசாக இருப்பதுதான். 700 கிலோ குதிரை உள்ளே ஓர் எட்டு நகர்ந்தாலே வண்டி முழுதும் ஆடும். அந்த ஆட்டம் குதிரையை மேலும் மிரட்டும். அதைச் சமாளிக்க, இழுக்கும் கார் கனமானதாக இருக்க வேண்டும்.

3.5 டன் வேன் ஓட்டுவதற்கு எளிது. குதிரை ஓட்டுநருக்குப் பின்னாலேயே நிற்பதால் தனிமை உணர்வு குறையும் என்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது எடைக் கணக்கு. 3,500 கிலோ என்பது எல்லாம் சேர்ந்த வரம்பு. அதில் வெற்று வண்டியே இரண்டு டன்னுக்கு மேல் போய்விடும். மீதி ஏறத்தாழ ஒரு டன்னுக்குள் குதிரை, ஓட்டுநர், சேணம், தண்ணீர், புல், எரிபொருள் எல்லாம் அடங்க வேண்டும். ‘இரண்டு குதிரை வேன்’ என்று விற்கப்பட்டாலும் பெரிய குதிரை இரண்டை ஏற்றினால் சட்டப்படி மிகைப்பாரம். விளம்பரத்தில் போட்ட எடையை நம்பாமல், வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பது நல்லது.

7.5 டன் லாரிதான் பெரிய, மிரளும் குதிரைக்கு மிகவும் பொருத்தமானது. கனத்தினால் அது ஆடுவது குறைவு, கூரை உயரம், அறையைக் குதிரைக்கேற்ப அகட்டலாம். செலவும் பராமரிப்பும் அதிகம். 1997 முதல் ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்குத் தனி உரிமமும் வேண்டும். ஆண்டில் நான்கைந்து முறை மட்டும் பயணம் இருந்தால், சொந்த டிரெய்லரைவிட லாரியை ஆளோடு வாடகைக்கு எடுப்பதே நியாயமான கணக்கு.

இந்தியாவில் நிலைமை வேறு. பந்தயக் குதிரைகளுக்கு ‘ஃப்ளோட்’ எனப்படும் மூடிய வண்டிகள் உண்டு. மற்றவை பெரும்பாலும் திறந்த லாரியிலோ பிக்கப்பிலோதான் போகின்றன. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவோடு கூடும் கால்நடைச் சந்தைக்கு வரும் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளும் அப்படித்தான். சாய்பலகை இல்லாத லாரியை மண்மேட்டோடு ஒட்டி நிறுத்தி ஏற்றுவது பழைய உத்தி. மேடும் தளமும் சரிமட்டமாக இருந்தால் அது மோசமில்லை; குதிரைக்குத் திறந்த வானம் தெரிவதால் இருட்டுப் பயமும் இல்லை. ஆபத்து, தகரத் தளத்தின் வழுக்கலிலும் பக்கத் தடுப்பு இல்லாமையிலும் இருக்கிறது. மணலோ வைக்கோலோ தடிமனாகப் பரப்பி, இரு பக்கமும் மூங்கில் கட்டி, உலோக விளிம்புகளில் சாக்குச் சுற்ற வேண்டும். 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளில் குதிரை இனங்களுக்கென்று தனிப் பகுதியே உண்டு என்பது குதிரை வைத்திருக்கும் பலருக்கே தெரியாது.

வகை எதுவானாலும் சில உறுப்புகளைத் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும். ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பலகையைக் கத்தி முனையால் குத்திப் பார்க்கலாம். மூத்திரம் ஊறி மட்கிய பலகை ஓடும்போது உடைந்து, குதிரையின் கால் சாலையில் இறங்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன. சாய்பலகை தாழ்வாகவும் அகலமாகவும், மிதித்தால் அதிராததாகவும் இருக்க வேண்டும். முன்பக்கமும் ஓர் இறங்கு வழி இருந்தால் மிரளும் குதிரைக்குப் பெரிய உதவி: உள்ளே போனால் மறுபக்கம் வெளியே வரலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும், தெரியாத தரையைத் தேடிப் பின்னங்காலைக் கீழே விடும் நிலைமையும் வராது. மார்புக் கம்பியை வெளியிலிருந்தே கழற்ற முடிகிறதா என்று பார்ப்பது அவசியம். மிரண்ட குதிரை முன்னங்கால்களை அதன்மேல் போட்டுத் தொங்கிக்கொண்டால், உள்ளே போய்க் கழற்ற நினைப்பவரின் உயிருக்கே உத்தரவாதம் இல்லை. உள்சுவர் வெளிர் நிறமாகவும் உள்ளே விளக்கோடும் இருந்தால், பாதிக் குதிரைகளின் தயக்கம் தானே தீரும் என்று அனுபவசாலிகள் சொல்வது மிகையாக இருக்கலாம். ஆனால் திசை சரியானதுதான்.

காற்றோட்டத்தைப் பலரும் சொகுசாக நினைக்கிறார்கள். அது நுரையீரல் சம்பந்தப்பட்டது; தலையை எப்படிக் கட்டுகிறோம் என்பதும் அப்படித்தான். குதிரை தலையைத் தாழ்த்தும்போதுதான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசியும் வடிந்து வெளியேறும். தலையை உயர்த்திக் கட்டி மணிக்கணக்கில் கொண்டுபோனால் கிருமிகள் உள்ளே பெருகி, பயணக் காய்ச்சல் எனப்படும் நுரையீரல் அழற்சி வரும். மிரளும் குதிரையை இறுக்கிக் கட்டுவதே பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கே உண்மையான கேடு. கயிறு, தலை தாழும் அளவுக்கு நீளமாகவும், கால் சிக்காத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். இழுத்தால் அறுந்துவிடும் மெல்லிய நூல் கண்ணி வழியாகக் கட்டுவது பிரிட்டன் வழக்கம். நீண்ட பயணத்தில் இடையிடையே வண்டியை நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதி 8 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது தண்ணீர் கொடுக்கச் சொல்கிறது. வெயில் நாட்டில் அதற்கு வெகு முன்பே கொடுக்க வேண்டியிருக்கும்.

மிரளும் குதிரைக்குத் துணை பெரிய மருந்து. 1836இல் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு, எலிஸ் என்ற பந்தயக் குதிரையை இங்கிலாந்தின் குட்வுட்டிலிருந்து டான்காஸ்டருக்கு, சுமார் 400 கிலோமீட்டர், நடத்திக் கூட்டிப்போகாமல் குதிரைகள் இழுத்த ஒரு பெட்டி வண்டியில் கொண்டுபோனார். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த அந்த வண்டியில் எலிஸுக்குப் பக்கத்தில் இன்னொரு குதிரையும் நின்றது. அது இவ்வளவு தூரத்தைப் பந்தய நாளுக்குள் நடந்து கடக்க முடியாது என்று பந்தயம் கட்டியவர்கள் ஏமாந்தார்கள். எலிஸ் அங்கே நடந்த செயின்ட் லெஜர் பந்தயத்தில் ஜெயித்தது. துணைக்குதிரை கிடைக்காவிட்டால் உடையாத அக்ரிலிக் கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் மாட்டலாம். பிரிட்டனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில், கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துக்கொண்டு போன குதிரைகள், தனியாகப் போனவற்றைவிட அமைதியாக இருந்தன.

வாங்குமுன் வண்டியை இரண்டு நாள் லாயத்தருகே நிறுத்திவைக்க முடிந்தால் நல்லது. கதவுகளைத் திறந்து, உள்ளே தீவனம் வைத்து, ஏற்றி, உடனே இறக்கி, நகராத வண்டியில் சில முறை பழக்கிய பிறகு ஒரு குறுகிய சுற்று போதும். மயக்க ஊசி கடைசி வழி, அதுவும் கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும்; மந்தமான குதிரை அமைதியாகத் தெரியும், ஆனால் வளைவில் அதனால் சரியாகக் கால் ஊன்ற முடியாது. ஓட்டுநர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவு முழுவதையும் ஒரே சீராகக் கடந்து, டிரெய்லரின் கடைசிச் சக்கரமும் நேரான பிறகே வேகம் பிடிக்க வேண்டும். நீண்ட பயணம் முடிந்து இறங்கிய குதிரைக்கு முதலில் தண்ணீரும், தரையில் வைத்த தீவனமும் தர வேண்டும். தலை தாழ்வதற்காகத்தான் தரையில். அடுத்த மூன்று நாட்கள் காலை மாலை உடல் வெப்பம் பார்க்க வேண்டும்; 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.