எடுத்த கணமே திருட்டு!



"எடுத்தது உண்மைதான், ஆனால் கொண்டு போகவில்லையே!", "திருப்பிக் கொடுத்துவிட்ட பின் அது எப்படித் திருட்டாகும்?" என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. சட்டம் இவ்வாதங்களை ஏற்பதில்லை என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் வகுத்த இலக்கணத்தையே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவும் கூறுகிறது. அசையும் பொருள், அது பிறர் கைவசம் இருத்தல், அவரது சம்மதமின்மை, நேர்மையற்ற எண்ணம், எடுப்பதற்காகப் பொருளை நகர்த்துதல் ஆகிய ஐந்தும் கூடினால் திருட்டு முழுமை பெறும்.

வாசலைத் தாண்ட வேண்டியதில்லை

வேரூன்றி நிற்கும் மரம் அசையாப் பொருள். திருடும் எண்ணத்துடன் வெட்டி வீழ்த்திய கணமே குற்றம் நிறைவேறிவிடுகிறது. வண்டியில் ஏற்றும்வரை சட்டம் காத்திருப்பதில்லை. ஒருவர் வீட்டு மேசைமீதுள்ள மோதிரத்தை, "தேடி ஓய்ந்தபின் எடுத்துக்கொள்ளலாம்" என்று அவ்வீட்டிலேயே ஒளித்து வைத்தாலும் திருட்டே.

திருப்பித் தந்தாலும்...

1952இல் ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியின்றி ஒரு விமானத்தை எடுத்துச் சென்று பாகிஸ்தான் மண்ணில் இறங்கினார். தற்காலிகமாக எடுத்ததும் திருட்டே என 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலுவலகக் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து, நண்பரிடம் கொடுத்து, மறுநாளே திருப்பி வைத்த ராஜஸ்தான் அரசு ஊழியரும் தப்பவில்லை.

தம் பொருளையே ஒருவர் திருட முடியுமா? முடியும்! அடகு வைத்த கடிகாரத்தை, கடனைத் தீர்க்காமல், அடகு பிடித்தவரின் சம்மதமின்றி நேர்மையற்று எடுத்து வருபவர் திருடரே. சட்டம் நோக்குவது கைவசத்தை!

செருப்பு மாறினால்?

பள்ளிவாசல் படியில் தமதென்று நம்பிப் பிறர் செருப்பை அணிந்து சென்றவர் திருடரல்லர். அங்கே கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் உண்மை தெரிந்த பின்னும் அதைத் தமதாக்கிக்கொண்டால், அது கையாடல் என்னும் தனிக்குற்றம்.

திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர், 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்தால், சமூக சேவையே தண்டனை. அப்போதும் குற்றவாளி என்ற பெயர் நீங்காது.

பெற்றோர்களே! தோழனின் பேனாவைக் கேளாமல் கொண்டுவரும் பிள்ளையிடம், "நாளை கொடுத்துவிடு" என்று கூறுவதோடு நின்றுவிடாதீர்கள். "கேட்டு எடுத்தாயா?" என்று வினவுங்கள். சட்டம் முதலில் வினவுவதும் அதையே.