பத்து நிமிஷம் ஆடினா மூளை ஷார்ப் ஆகுமா?

‘ஆடுற நேரத்துல உட்கார்ந்து படிச்சா என்ன?’ - கல்ச்சுரல்ஸுக்குப் பேர் கொடுத்த எல்லோரும் வீட்டில் வாங்கிய டோஸ்தான் இது. ‘டான்ஸ் ஆடினா மூளைக்கு நல்லதும்மா’ என்று சமாளித்திருப்பீர்கள். அது நிஜம்தானா பாஸ்?

நெதர்லாந்தில் டெஸ்ட் பண்ணியே பார்த்துட்டாங்க. 8 ஆரம்பப் பள்ளிகள், 9 முதல் 12 வயது வரை 512 பசங்க. சில வகுப்புகளுக்கு மட்டும் தினமும் 10 நிமிஷம் டான்ஸ் பிரேக். 9 வாரம் இப்படியே ஓடியது. பிறகு கவனம், ஞாபகசக்தி என்று சோதித்தார்கள். 2019-ல் ரிசல்ட் வந்தது... ஆடினவங்களுக்கும் ஆடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை!

காரணம்? அந்த 10 நிமிஷத்தில் நிஜமாகவே மூச்சு வாங்க ஆடியது சுமார் 3 நிமிஷம்தானாம்.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வு வேற கதை சொல்லுது. 7 முதல் 9 வயது வரை 221 பசங்க. அதில் ஒரு பாதி, ஸ்கூல் விட்டதும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்க்க விறுவிறுக்க விளையாடியது. இது 9 மாதம் நடந்தது. கவனம் சிதறாமல் இருப்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாறுவதிலும் அவங்கதான் முந்தினாங்க. இது 2014-ல் வெளிவந்தது.

ஆக, பேருக்கு 10 நிமிஷம் கையைக் காலை ஆட்டினால் மேஜிக் நடக்காது. ஆனா ஒண்ணு, நெதர்லாந்தில் ஆடின பசங்க யாரும் அதனால் பின்தங்கிடலை. பி.டி. பீரியடைக் கடன் வாங்குற மேத்ஸ் சாருக்கு யாராவது இதைச் சொல்லுங்களேன்!