கோட்டைகளைக் கோக்கும் பாலாறு

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியை விரைந்து கடந்து செல்வோரில் நானும் ஒருவனாகவே நெடுங்காலம் இருந்தேன். அண்மையில் அங்கு இறங்கி, உத்திர ரங்கநாதரை வணங்கிவிட்டுப் பாலாற்றங்கரையில் நின்றேன். பெருமாள் பள்ளிகொண்டதால் பெயர் பெற்ற ஊரில், ஆறு வெறும் மணலாகக் கிடந்தது.

இந்த ஆற்றின் போக்கில்தான் எத்தனை வரலாறு! மேற்கே ஆம்பூரில் 1749-இல் நடந்த போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் வீழ்ந்தார். கிழக்கே, மதிலழகுக்குப் பெயர்போன விரிஞ்சிபுரம். அடுத்து, 1806 ஜூலை 10-இல் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த வேலூர்க் கோட்டை. அந்நகரின் ஆற்றங்கரையில், கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடமான முத்து மண்டபம். அப்பால், 1751 முற்றுகையைக் கண்ட ஆர்க்காட்டுக் கோட்டையின் எச்சமாக நிற்கும் தில்லி வாசல்.

ஜெர்மனியின் ரைன் நதிப் பள்ளத்தாக்கில் சுமார் 65 கி.மீ. நீளப் பகுதியை யுனெஸ்கோ 2002-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாழடைந்த கோட்டைகள், சிற்றூர்கள், திராட்சைத் தோட்டங்கள், ஆறு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரே நிலக்காட்சிக்கு அளிக்கப்பட்ட ஏற்பு அது. அந்த ரைனும் ஒருகாலத்தில் ஆலைக் கழிவுகளால் சீரழிந்ததுதான். 1986-இல் பாசல் நகருக்கு அருகே நேர்ந்த ரசாயனக் கிடங்குத் தீ விபத்துக்குப் பிறகு, கரையோர நாடுகள் கூடிச் செயல்பட்டு அதை மீட்டன.

அங்கே திராட்சை, இங்கே தோல். தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், அதன் கழிவு நிலத்தடி நீரையும் விளைநிலத்தையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே ஆற்றுக்காக, அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

கோட்டையைக் காக்கத் தொல்லியல் துறை, கோயிலைக் காக்க அறநிலையத் துறை, ஆற்றுக்கு நீர்வளத் துறை எனப் பொறுப்புகள் சிதறிக் கிடக்கின்றன. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு ஆகியவை வெவ்வேறு ஆட்சியர்களின் எல்லைக்குள் வந்துவிட்டன.

மூன்று மாவட்டங்களும் இணைந்து, ஆம்பூர் முதல் ஆர்க்காடு வரையிலான பாலாற்றுக் கரையை ஒரே பாரம்பரியப் பகுதியாகக் கருதித் திட்டமிட வேண்டும். அத்திட்டத்தின் முதல் பணி, ஆற்றில் கழிவு கலப்பதைத் தடுப்பதாக இருக்கட்டும். ஆறு மாண்டபின் கோட்டைகளை மட்டும் காத்து என்ன பயன்?