தடுப்பூசி போட்டாச்சு சரி, டைட்டர் எவ்வளவு?

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ நடந்தது. பல் எடுத்து முடித்துவிட்டு, மயக்க ஊசிக்கு மூடி மாட்டும்போது இடது ஆள்காட்டி விரலில் குத்திவிட்டது. கையுறையைக் கழற்றினால் ஒரு சொட்டு ரத்தம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு சாரிடம் ஓடினேன்.

"ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கியா?"

"மூணு டோஸும் போட்டாச்சு சார்."

"டைட்டர் எவ்வளவு?"

முழித்தேன். தேர்வுக்குப் படித்த விஷயம்தான். ஆனால் என் ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பல் மருத்துவர்கள் எச்ஐவிக்குப் பயப்படும் அளவுக்கு இதற்குப் பயப்படுவதில்லை. கணக்கு நேர்மாறானது. எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் அதிகம் பெருகும் நிலையில் உள்ளவரின் ரத்தம் என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 30 சதவீதம் வரை போகலாம். காய்ந்த ரத்தக்கறையிலும் இந்த வைரஸ் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். நாள்பட்ட தொற்று உள்ள பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "காமாலை வந்திருக்கா?" என்று கேட்டு மட்டும் கண்டுபிடிக்க முடியாது.

தடுப்பூசி நல்ல தடுப்பூசி. 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். ஆனால் ஆரோக்கியமான பெரியவர்களிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேருக்குப் போதிய எதிர்ப்பு சக்தி உருவாகாது. அதைத் தெரிந்துகொள்ள, கடைசி டோஸ் போட்டு 1 முதல் 2 மாதத்துக்குள் ஆன்டி-ஹெச்பிஎஸ் பரிசோதனை செய்ய வேண்டும். அளவு 10-ஐத் தொட்டால் போதும். அதற்குக் கீழே என்றால் மீண்டும் டோஸ் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏன் அந்த 2 மாதக் கணக்கு? காலப்போக்கில் அளவு தானாகக் குறையும். ஒருமுறை 10-ஐத் தாண்டியவருக்கு, பிறகு குறைந்தாலும் பாதுகாப்பு நீடிக்கும். என் கதையில் சிக்கலே இதுதான். குத்திய அன்று பார்த்தபோது எனக்கு 6. ஆரம்பத்திலேயே உருவாகவில்லையா, உருவாகிக் குறைந்ததா, யாருக்கும் தெரியாது. நோயாளிக்கு நெகட்டிவ் என்று ரிசல்ட் வரும்வரை தூக்கம் இல்லை. பாசிட்டிவ் என்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டிருக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை 24 மணி நேரத்துக்குள். பிறகு இன்னொரு டோஸ் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அளவு 10-ஐத் தாண்டியிருந்தது.

இந்தியாவில் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது நாடு முழுக்க வந்தது 2011-இல்தான். இன்று பல் மருத்துவம் படிக்கும் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். "சின்ன வயசுல போட்டிருப்பாங்க" என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பின்னாளில் நான் வேலை பார்த்த கிளினிக்கில் மருத்துவர்கள் எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள். சாயங்காலம் கருவிகளைத் தேய்த்துக் கழுவும் அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கெல்லாம் யாரு டாக்டர் ஊசி போடச் சொன்னாங்க?" என்றார்.

கூர்மையான கருவிகளை, ரத்தம் காயாத நிலையில், தினமும் அதிகம் தொடுவது அவர்தான். அடுத்த வாரமே முதல் டோஸ் போட்டோம். மூன்றும் முடிந்த பிறகு டைட்டரும் பார்த்தோம்.

உங்க கிளினிக்கிலும் நாளைக்கே கேட்டுப் பாருங்க. முதலில் உங்க ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று தேடுங்க.