சாப்பாட்டுப் படிக்காக கேஸ்... களத்தில் 1,707 வெற்றி! யார் இந்த கரோல் ஹட்சின்ஸ்?

அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பாலில் அதிக வெற்றிகளைக் குவித்த பயிற்சியாளர் என்ற பெயரோடு 2022 ஆகஸ்ட்டில் ஓய்வுபெற்றவர் கரோல் ஹட்சின்ஸ். மிச்சிகன் பல்கலைக்கழக மகளிர் அணிக்கு மட்டும் 38 சீசன் தலைமைப் பயிற்சியாளர். ஆனால், அவரது கதை ஸ்கோர் போர்டில் மட்டும் இல்லை. மாணவியாக இருந்தபோது அவர் தொடுத்த ஒரு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது முழுசாகப் புரியும்.

சாஃப்ட்பால்னா என்ன?

பேஸ்பாலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளலாம். பந்து பெரிசு, மைதானம் சின்னது. 9 இன்னிங்ஸுக்குப் பதில் 7. பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியக் கூடாது. கையைச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்துதான் வீச வேண்டும். பேரில்தான் 'சாஃப்ட்'. கல்லூரி மகளிர் ஆட்டத்தில் பந்து வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் நடுவே 43 அடிதான். கிரிக்கெட் பிட்ச் 66 அடி. அந்தக் குறுகிய தூரத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பந்து வந்தால் யோசிக்கக்கூட நேரம் இருக்காது!

வீராங்கனையாக எப்படி?

1957-ல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் பிறந்தவர். பக்கத்திலேயே இருந்த மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, சாஃப்ட்பால், பாஸ்கெட்பால் இரண்டும் ஆடினார். 1976-ல் அந்த அணி தேசியப் பட்டம் வென்றபோது, ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றவர் ஹட்சின்ஸ். இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நின்று, பாய்ந்து வரும் பந்தை மறித்து எறிய வேண்டிய இடம் அது.

கோர்ட்டுக்கு ஏன் போனார்?

பிரச்சினை வெடித்தது பாஸ்கெட்பாலில். அதே வளாகத்தில் ஆண்கள் அணியில் மேஜிக் ஜான்சன் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. வெளியூர் ஆட்டங்களுக்குப் போகும்போது சாப்பாட்டுப் படி, தங்கும் அறை என எல்லாவற்றிலும் ஆண்களுக்கு ஒரு கணக்கு, பெண்களுக்கு ஒரு கணக்கு.

அமெரிக்காவில் அதற்கு முன்பே, 1972-ல், 'டைட்டில் 9' என்ற சட்டம் வந்துவிட்டது. மத்திய அரசின் நிதியைப் பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பாலினத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்பதே அதன் சாரம். சட்டப் புத்தகத்தில் சமத்துவம் ஏறிவிட்டது. பஸ்ஸிலும் ஹோட்டலிலும் ஏறவில்லை.

மகளிர் அணி கேஸ் போட்டது. முதல் மனுதாரர் ஹட்சின்ஸ். சாப்பாட்டிலும் தங்குமிடத்திலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1979-ல் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. தான் படிக்கும் பல்கலைக்கழகத்தையே எதிர்த்து நின்றபோது ஹட்சின்ஸுக்கு வயது 21.

பயிற்சியாளரானது எப்படி?

இண்டியானா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்தார். 1982-ல் ஃபெரிஸ் ஸ்டேட்டில் ஒரு சீசன் தலைமைப் பயிற்சியாளர். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளர். 1985 சீசனிலிருந்து அணியின் முழுப் பொறுப்பும் அவர் கையில்.

அங்கே அவர் முன் நின்ற முக்கியமான எதிரி, குளிர். சாஃப்ட்பால் சீசன் பிப்ரவரியில் தொடங்கும்போது மிச்சிகனில் பனி உறைந்து கிடக்கும். சீசனின் முதல் வாரங்களைத் தெற்கு, மேற்கு மாநிலங்களில் ஆடித்தான் ஓட்ட வேண்டும். கலிபோர்னியா, அரிசோனா அணிகளுக்கோ வருஷம் முழுக்க வெயில். இப்போதைய தேசியக் கல்லூரித் தொடர் 1982-ல் தொடங்கியதிலிருந்து, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எந்த அணியும் பட்டத்தைத் தொட்டதே இல்லை.

2005-ல் அது மாறியது. இறுதிச் சுற்றில் எதிரே நின்றது ஜாம்பவான் யுசிஎல்ஏ. மூன்றாவது ஆட்டம், 10-வது இன்னிங்ஸ். சமந்தா ஃபிண்ட்லே அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன். 4-1 என்று கோப்பை முதன்முறையாக ஆற்றைத் தாண்டி வந்தது. 2016-ல் மார்ஜி ரைட்டின் 1,457 வெற்றிகளையும் ஹட்சின்ஸ் தாண்டினார். ஓய்வுபெறும்போது ஃபெரிஸ் ஸ்டேட் கணக்கையும் சேர்த்து 1,707 வெற்றி, 555 தோல்வி.

இன்னும் முடியாத ஆட்டம்

1971-72-ல் அமெரிக்கப் பள்ளிகளில் விளையாடிய பெண்கள் சுமார் 2.9 லட்சம் பேர். இன்று 30 லட்சத்துக்கும் மேல். 'டைட்டில் 9' கொடுத்த வரம் அது. ஆனால், அதே சட்டத்துக்குப் பின்னால் ஒரு முரணும் உண்டு. அதற்கு முன்பு கல்லூரி மகளிர் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். சட்டம் வந்து, சம்பளமும் மதிப்பும் கூடியதும் ஆண்கள் வரிசையில் வந்து நின்றார்கள். பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

பெண் பயிற்சியாளர்களுக்கு வாய்ப்பு வேண்டும் என்று ஹட்சின்ஸ் தொடர்ந்து பேசுவது இதனால்தான். அவர் விட்டுச்சென்ற நாற்காலியில் இப்போது இருப்பவர் போனி தோல். ஹட்சின்ஸிடமே ஆடி, பல வருஷம் அவருக்கு உதவியாளராக இருந்த பெண்.

சாப்பாட்டுப் படி என்பது சில டாலர் விஷயம்தானே என்று தோன்றலாம். அந்தச் சில டாலரைக் கேட்கத் துணிந்தவர்களால்தான் மைதானம், சம்பளம், முழுநேர வேலை என அடுத்தடுத்த கேள்விகளுக்கும் வழி பிறந்தது.