மாதர் உதிரமும் புருஷர் மௌனமும்

தேச க்ஷேமத்தைக் குறித்து மேடைதோறும் பிரசங்கம் புரியும் நம்மவர்கள், தங்கள் வீட்டு ஸ்திரீகளின் தேக நிலையை விசாரிப்பதுண்டா என்று கேட்கிறோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுள்ள இந்திய மாதருள் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகையுடையோராகக் காணப்பட்டனர். இதற்குக் காரணங்கள் பல. மாதவிலக்கில் உதிரம் அளவு கடந்து போவதும் அவற்றுள் ஒன்று.

விலக்கு 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், உதிரம் பெருங்கட்டிகளாக வெளிப்பட்டாலும், அதை விதியென்று பொறுத்திருத்தல் தகாது. கருப்பைக் கட்டி, தைராய்டுக் கோளாறு, இரத்தம் உறையாக் குறை முதலியன உள்ளே இருக்கலாம். பரிகாரமும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானியாகிய உட்டாகோ ஒகாமோட்டோ அம்மையாரும் அவர் கணவரும் கண்டு 1962இல் வெளியிட்ட டிரானெக்ஸாமிக் அமிலம், இன்று வைத்தியர்கள் கையாளும் மருந்துகளுள் ஒன்று.

விலக்கு முறை தவறி வருபவளை மலடியென்று தூற்றுதல் அறியாமை. சிகிச்சை பெற்றுத் தாயானோர் பலர். நாள் தள்ளினால் கர்ப்பமோவென்று கலங்கவும் வேண்டா. சிறுநீர்ப் பரிசோதனை சில நிமிஷங்களில் உண்மை கூறும். கர்ப்பிணிக்கு உதிரம் கண்டாலோ, தாமதியாது வைத்தியசாலை செல்க.

அவள் நாணத்தால் சொல்லாள். புருஷனே கேட்டறிந்து ஆவன செய்க. தாய்மார் உதிரமிழந்து வாட, தேசம் எங்ஙனம் வலிமை பெறும்?