புதையலைத் தேடியவர்கள் கண்ட நீர்த்தொட்டி

பழைய அரண்மனை என்றதும் மக்கள் பேச்சில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். ஒன்று சுரங்க வழி, மற்றொன்று புதையல். அங்கே ஒரு கிணறோ குளமோ இருந்துவிட்டால், அதன் அடியில்தான் பொன்னும் மணியும் மறைந்து கிடக்கின்றன என்று முடிவே செய்துவிடுவார்கள். நீர்நிலையைப் பார்த்தவுடன் அதிலுள்ள நீரை மறந்து, இல்லாத பொன்னை எண்ணுவது மனித இயல்பாகிவிட்டது.

சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் 1420-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேரரசர் அரண்மனையில் எழுபதுக்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்தன. தீ விபத்து நேர்ந்தால் பயன்படுவதற்காக, முற்றங்களில் பெரிய உலோகத் தொட்டிகளிலும் நீர் நிரப்பி வைத்தார்கள். அவற்றுள் சில தங்க முலாம் பூசப்பட்டவை. 1900-ஆம் ஆண்டில் எட்டு நாடுகளின் படைகள் அந்நகரினுள் நுழைந்தன. படையினர் துப்பாக்கி முனைக் கத்திகளால் அத்தொட்டிகளின் முலாமைச் சுரண்டி எடுத்ததாகச் சொல்லி, அந்தக் கீறல்களை இன்றும் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள்.

இதைவிட வியப்பான நிகழ்ச்சி நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது.

ஜெய்கர் கோட்டையில் ஐந்து மாதங்கள்

இராஜஸ்தானில் ஆம்பேர் அரண்மனைக்கு மேலே, ஆரவல்லிக் குன்றின் மீது அமைந்திருப்பது ஜெய்கர் கோட்டை. மன்னர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் 1726-ஆம் ஆண்டில் இதனைக் கட்டினார். கோட்டைக்கும் அரண்மனைக்கும் இடையே சுரங்க வழியும் உண்டு. பேரரசர் அக்பரின் தளபதியாக ஆப்கானிஸ்தான் சென்ற மான்சிங், அங்கிருந்து கொண்டுவந்த பெருஞ்செல்வம் இந்தக் குன்றில்தான் மறைத்து வைக்கப்பட்டது என்றும், மீனா இனத்தவர் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர் என்றும் நெடுங்காலமாகக் கதை வழங்கி வந்தது. கோட்டையின் பெரிய நீர்த்தொட்டிக்கு அடியில்தான் அச்செல்வம் இருக்கிறது என்றும் பலர் நம்பினர்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ஆம் ஆண்டு, மத்திய அரசே இப்புதையலைத் தேட முற்பட்டது. இராணுவத்தினர் கருவிகளுடன் கோட்டைக்குள் புகுந்தனர். ஏறத்தாழ ஐந்து மாதங்கள் தேடுதல் நடைபெற்றது. செய்தி எல்லை கடந்தும் பரவியது. பாகிஸ்தான் பிரதமர் சுல்பிகர் அலி பூட்டோ அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதமர் இந்திரா காந்திக்குக் கடிதம் எழுதி, கிடைக்கும் செல்வத்தில் தம் நாட்டுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். புதையல் எதுவும் கிடைக்கவில்லை என்று ஆண்டின் இறுதியில் இந்திரா காந்தி பதில் எழுதினார். பொருள் கைக்கு வருமுன்பே இரு நாடுகளுக்கிடையே பங்கீட்டுப் பேச்சு எழுந்துவிட்டதை என்னவென்பது!

அவர்கள் துருவிப் பார்த்த தொட்டியோ சுமார் 60 இலட்சம் கேலன் நீர் கொள்ளக்கூடியது. குன்றின் உச்சியில் ஆறு இல்லை, ஊற்றும் இல்லை. சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் பெய்யும் மழை சில கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய்களின் வழியே கோட்டைக்கு வந்து சேரும்படி செய்திருந்தார்கள். வழியில் வெட்டப்பட்ட குழிகளில் மண்ணும் வண்டலும் தங்கிவிடும். தெளிந்த நீர் மட்டும் தொட்டியை அடையும். மழை அரிதான அந்தப் பகுதியில் படைவீரர்களையும் குதிரைகளையும் ஆண்டு முழுவதும் வாழவைத்தது இந்த ஏற்பாடுதான்.

ஜம்ஜம் தரும் படிப்பினை

கிணற்றில் உண்மையாகவே புதையல் கிடைத்த வரலாறு ஒன்றை நாம் அறிவோம். ஜுர்ஹும் கூட்டத்தார் மக்காவை விட்டு வெளியேறியபோது, பொன்னால் செய்த இரண்டு மான்களையும் வாட்களையும் ஜம்ஜம் கிணற்றில் இட்டு மூடிச் சென்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பாட்டனார் அப்துல் முத்தலிப், தம் மகன் ஹாரிஸைத் துணையாகக் கொண்டு அந்த இடத்தைத் தோண்டினார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பொருள் வெளிப்பட்டவுடன் குறைஷிகள் பங்கு கேட்டு வழக்காடினர். சீட்டுப் போட்டுத்தான் அவ்வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பொன்மான்களைத் தேடி எவரும் மக்கா செல்வதில்லை. ஹாஜிகள் ஊர் திரும்பும்போது சுமந்து வருவது தண்ணீரைத்தான்.

நமதூரின் கிணறுகள்

நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் வாலாஜாபாத் பாலாற்றின் கரையில் அமைந்த ஊர். ஆற்றில் வெள்ளம் ஓடாத மாதங்களிலும் அதன் மணல் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு சுற்றுப்புறக் கிணறுகளுக்கு வழங்கி வந்தது. மணல் அள்ளப்பட்டதால் அந்தச் சேமிப்பு குறைந்தது. மறுபுறம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின, மக்கள் பெருகினர், நீரின் தேவையும் பெருகியது. இந்த நிலையிலும் பலர் வீட்டில் ஆழ்குழாய் வந்தவுடன், முன்னோர் வெட்டிய கிணற்றைக் குப்பைக்குழியாக்கி விடுகின்றனர். அல்லது மண்ணிட்டு மூடி மேலே அறை கட்டி விடுகின்றனர்.

தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. பழைய கிணறு உள்ள வீட்டார்க்கு இது எளிய வேலை. மாடியை மழைக்காலத்துக்கு முன் கூட்டித் தூய்மை செய்ய வேண்டும். முதல் மழையின் நீரை வெளியே விட்டுவிட வேண்டும். பின்னர் வரும் நீரைக் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியில் வடிகட்டிக் கிணற்றில் விடலாம். ஜெய்கர் கோட்டையின் வண்டல் குழிகள் செய்த வேலையையே இந்தச் சிறு தொட்டியும் செய்யும். கழிவுநீர்க் குழி அருகே இருந்தால் மட்டும் தக்கவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் தூர் வாருவோர் ஒன்றை மறக்கலாகாது. அதனுள் நச்சுக் காற்று தங்கியிருக்கக்கூடும். அனுபவமும் உரிய பாதுகாப்பும் இன்றி எவரையும் உள்ளே இறக்கக்கூடாது. குழந்தைகள் உள்ள வீடாயின் சுற்றுச்சுவரும் கம்பி வலையும் கட்டாயம் வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்னதாக ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் வீட்டுக் கிணற்றின் மூடியை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். மஹல்லாவின் பொதுக் கிணறு பாழடைந்து கிடந்தால், ஜமாஅத்தார் கூடி அதனைச் சீர்செய்யட்டும். மதீனாவில் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கி மக்களுக்கு வக்ஃபு செய்த உஸ்மான் (ரலி) அவர்களின் வழி நமக்கு முன்னால் இருக்கிறது.